மூன்று நிமிட வேலை

வாஷிங் மெஷின் நின்றபோது உள்ளே பாதி டிரம் தண்ணீர் இருந்தது. வட்டக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவளுடைய வெள்ளைக் கோட்டுகள் இரண்டும் ஒரு படுக்கை விரிப்பும் நுரைக்குள் அசையாமல் கிடந்தன. கதவு திறக்க மறுத்தது. மேலே சின்னத் திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மாறி மாறி மின்னின.

"மெக்கானிக்கக் கூப்பிடுங்க" என்றாள் அவள்.

"அவன் வந்து என்ன புதுசா பண்ணப் போறான்? நான் பண்றதத்தான் பண்ணுவான். கூடவே உதட்டப் பிதுக்குவான், அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் கணவன் ஒரு பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. யாரோ யாருக்கோ அனுப்பும் பெட்டிகளின் மேல் நாள் முழுக்க முகவரி ஒட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, குழாய் என்று எதையும் வெளியாளிடம் கொடுத்ததில்லை. அவன் கை வைத்ததில் பத்துக்கு ஆறு சரியாகும். மூன்று முன்னைவிட மோசமாகும். ஒன்று நிரந்தரமாகப் பரண் ஏறிவிடும். அவளுடைய அண்ணன் அவனைக் கூப்பிடுவதே "இன்ஜினியர் மாப்ள" என்றுதான். கேலி என்று தெரிந்தும் அவனுக்கு அது பிடித்திருந்தது.

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அந்த வேலையில் பதினெட்டு வருடம். அங்கே அவளுக்கு "ஒரே குத்து அக்கா" என்று பெயர். கைக்குழந்தை, தொடர்ந்து மருந்து ஏற்றி நரம்பு சுருங்கிப்போனவர்கள், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற தடித்தடி ஆண்கள் எல்லோரையும் மற்றவர்கள் அவள் மேசைக்கே தள்ளிவிடுவார்கள். ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்து, எங்கோ பார்த்தபடி இரண்டு தட்டுத் தட்டுவாள். பிறகு ஊசி. இரண்டாவது முறை குத்தியதாக யாரும் சொன்னதில்லை. அந்தக் கோட்டுகளைச் சுடுதண்ணீரில்தான் துவைக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. குளிர்ந்த தண்ணீரில் துவைத்ததைப் போட்டுக்கொள்ள மாட்டாள்.

சனிக்கிழமை மாலை அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையில் இறங்கினான். மெஷினின் முன்பக்கம் கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்து, ஃபில்டரை மெல்லத் திருகினான். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. தட்டு வைத்து, துணி போட்டு, வாளி வாளியாகப் பிடித்து ஊற்றினார்கள். ஃபில்டரில் ஒரு ஹேர்பின்னும் ஒரு நாணயமும் கூழான காகிதமும் சிக்கியிருந்தன.

"உங்க சட்டைப் பையில இருந்த ரசீதுதான். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்றாள்.

"ஹேர்பின் என்னோடதா?"

இருவரும் சிரித்தார்கள். ஃபில்டரைக் கழுவிப் போட்டு ஓடவிட்டுப் பார்த்தான். பம்ப் "ம்ம்ம்" என்று முனகியதே தவிர தண்ணீர் வெளியேறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது பம்புக்குள் இருந்த சின்ன இறக்கைச் சக்கரம் உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கடை அடைப்பதற்குள் ஓடிப்போய் அதே அளவில் புது பம்ப் ஒன்று வாங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, பின்பக்கத் தகட்டின் எட்டு ஸ்க்ரூக்களையும் கழற்றினான். எது எங்கே இருந்தது என்று மறக்காமல் இருக்க போனில் படம் எடுத்துக்கொண்டான். பம்புக்குக் கையை நுழைக்க முடியாமல் ஓர் ஒயர் குறுக்கே நின்றது. பச்சையில் மஞ்சள் கோடு போட்ட எர்த் ஒயர். அதன் நுனியில் இருந்த வளையத்தை ஒரு ஸ்க்ரூ மெஷினின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்தது. திருகியதும் ஸ்க்ரூ வந்தது. துருப்பிடித்த வளையம் பிஸ்கட் போல உடைந்து உதிர்ந்தது.

பம்பை மாற்றிவிட்டான். குழாயை இறுக்கினான். கடைசியில் அந்த ஒயர் மட்டும் கையில் மிஞ்சியது. வேறு வளையம் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. அந்த ஒயர் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும் என்று அவனுக்குத் தெரியும். எதற்காக இருக்கிறது என்பதும் தெரியும். உள்ளே எங்காவது மின்சாரம் கசிந்தால் அது ஆளைத் தேடி வராமல் மண்ணுக்குள் போய்விடுவதற்காக. நாளைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, ஒயரை மடித்து டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டுத் தகட்டை மூடினான்.

மெஷின் ஓடியது. தண்ணீர் கடகடவென்று வெளியேறியபோது அவள் கை தட்டினாள். அண்ணனுக்குப் போன் போட்டு, "உன் மாப்ளைய இனிமே கேலி பண்ணாத" என்றாள். அன்று முழுக்க அவன் தரையில் கால் பாவாமல் நடந்தான்.

நாளை என்பது மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பார்சல் ஆபீஸில் வேலை நெருக்கியது. ஓடுகிற மெஷினை யார் மறுபடி திறப்பது?

பத்து நாள் கழித்து அவள் சொன்னாள்: "ஏங்க, மெஷினத் தொட்டா எறும்பு ஓடற மாதிரி சுருசுருங்குது."

டெஸ்டரைக் கொண்டுவந்து மெஷினின் ஓரத்தில் வைத்துப் பார்த்தான். உள்ளே மங்கலாக ஒரு வெளிச்சம். பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"ஈரம்தான். செருப்புப் போட்டுட்டுத் தொடு. வர்ற ஞாயிறு பாக்கறேன்."

காலடியில் ஒரு பலகையும் போட்டுக் கொடுத்தான். அவள் நம்பினாள். ஊசியும் ரத்தமும் அவள் விஷயம், ஒயரும் ஸ்க்ரூவும் அவன் விஷயம் என்று அந்த வீட்டில் எப்போதோ பிரித்துக்கொண்டாகிவிட்டது.

அந்த வார வியாழக்கிழமை மாலை, அவள் வேலை முடிந்து வந்து கோட்டுகளைப் போட்டு, சுடுதண்ணீருக்குத் திருகிவிட்டாள். அவன் கூடத்தில் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். மெஷின் இருந்த பின்கட்டில் வாளி உருண்டது. அதோடு ஒரு குரல். கத்தல் இல்லை, இழுத்துப் பிடித்த முனகல். ஓடிப்போய்ப் பார்த்தான். அவளுடைய இடது கை தண்ணீர்க் குழாயில் இருந்தது. வலது கை மெஷினின் மேல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பல் கிட்டியிருந்தது. கண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிடித்து இழுக்கக் கை நீட்டியவன், கடைசி நொடியில் திரும்பி ஓடி மெயினை இறக்கினான். வீடு இருண்டது. அவள் விழுகிற சத்தம் கேட்டது.

மருத்துவமனையில் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். "நீங்க மட்டும் தொட்டிருந்தா ரெண்டு பேரையும் கொண்டாந்திருப்பாங்க" என்றார் மருத்துவர். இதயம் தப்பித்துவிட்டது என்றும், கை எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். வலது கையின் மூன்று விரல் நுனிகளில் கறுப்பாகச் சின்னச் சின்னக் குழிகள். செய்தி கேட்டு ஓடிவந்த அண்ணன் அவன் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். "உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க மாப்ள. இனிமே உங்கள ஒரு வார்த்த சொன்னேன்னா என் நாக்கு அழுகிப்போகும்."

வாளித் தண்ணீரில் நனைந்த உடையோடுதான் அவள் படுக்கையில் கிடந்தாள். சட்டைக் கையை மட்டும் வெட்டியிருந்தார்கள். பல் தந்தியடிக்க, "எனக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வாங்க. குளுருது" என்றாள். அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனான். கால் மணி நேரத் தூரம்தான். அவன் திரும்பிவர இரண்டு மணி நேரம் ஆனது. வண்டி கிடைக்கவில்லை என்று சொன்னான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் வீடு திரும்பிய பிறகு, அண்ணன் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். மீட்டரை வைத்துப் பார்த்து, தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டரில் கசிவு என்றார். பின்தகட்டைக் கழற்றினார். எர்த் ஒயர் ஒழுங்காக ஸ்க்ரூவில் மாட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது இதத் திறந்தீங்களா?"

"பம்ப் மாத்தினேன்" என்றான் அவன்.

"ம்" என்றார். பிறகு அண்ணனிடம், "மெஷின்ல எர்த் சரியாத்தான் இருக்கு சார். இது இருந்தும் ஃபியூஸ் போகலன்னா, வீட்டு எர்த்து செத்திருக்கணும்" என்றார்.

அண்ணன் அடுத்த நிமிடமே மாடியேறிப் போனார். வாடகைக்கு விட்டிருந்த வீட்டுச் சொந்தக்காரர் மாடியில் தனியாக இருந்தார். எழுபதை ஒட்டிய வயது. முட்டிவலி. அண்ணன் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "வாடக வாங்கத் தெரியுது, வீட்ட வீடா வெச்சிருக்கத் தெரியலையா? என் தங்கச்சி கைய யார் தருவா?" பெரியவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே ஆள் வைத்துப் பின்பக்கத்தைத் தோண்டினார். வந்த எலக்ட்ரீஷியன் பழைய எர்த் கம்பியை உருவிக் காட்டினான். மேல் பகுதியில் துரு இருந்தது. எத்தனையோ வருடக் கம்பி, துரு இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் அந்தத் துருவைப் பார்த்ததும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துபோன மாதிரி ஆகிவிட்டது. பெரியவருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வருவார். உள்ளே வர மாட்டார். வாசலில் நின்று, "இன்னிக்கி எப்படிம்மா இருக்கு? விரல மடக்க முடியுதா?" என்று கேட்பார். "பரவாயில்ல ஐயா" என்பாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுபடி ஏறிப் போவார். ஏறும்போது முட்டி சொடுக்குகிற சத்தம் கீழே வரை கேட்கும். அவன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அவளுடைய கை தேறவில்லை. காயம் ஆறியது, உணர்ச்சி வரவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தடித்த துணிக்குள் இருப்பதுபோல என்றாள். எதைப் பிடித்தாலும் நடுங்கியது. மூன்றாவது மாதம் பரிசோதனைக் கூடத்தில் கேட்டார்கள், வந்து வேலை பார்க்க முடியுமா என்று. ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

அன்று மத்தியானம் ஒரு பையோடு வந்து மேசை மேல் கொட்டினாள். ஊசி, பஞ்சு, ரப்பர் பட்டை, கண்ணாடிக் குழாய்கள்.

"கைய நீட்டுங்க. பழகிப் பாக்கணும்."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான். அவள் பட்டையைக் கட்டினாள். அதற்கே நான்கு தடவை வழுக்கியது. ஆள்காட்டி விரலை மடிப்பில் வைத்தாள். தட்டினாள். மறுபடி தட்டினாள். அவனுடைய நரம்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. குருடனுக்கும் தெரிகிற நரம்பு. ஊசி பக்கத்தில் இறங்கியது. ரத்தம் வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி குத்தினாள். ஊசி தோலுக்குள் நடுங்கியது. மூன்றாவது தடவை அவன் கை நீலம் பாரித்தது. அவள் முகத்தில் வேர்வை வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது ஊசியைப் பிரித்தாள்.

"வலிக்குதா? வலிச்சா சொல்லுங்க. நிறுத்திடறேன்."

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வலியை அல்ல.

"வீட்டு எர்த்து நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"மெஷின் எர்த்து ஒயர நான்தான் மாட்டாம விட்டேன். பம்ப் மாத்தினப்ப வளையம் ஒடஞ்சிடுச்சு. அப்புறம் போட்டுக்கலாம்னு டேப் சுத்தி விட்டுட்டேன். நீ சுருசுருங்குதுன்னு சொன்னியே, அப்பவே எனக்குத் தெரியும்."

அவள் ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். ஊசி பட்ட இடங்களில் பஞ்சை வைத்து அழுத்தி, "மடக்கிக்கோங்க" என்றாள். பதினெட்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"மெக்கானிக் பாத்தப்ப மாட்டியிருந்துச்சே?"

"நான் மாட்டினேன்."

"எப்ப?"

அவன் தலை குனிந்தான்.

"எப்பன்னு கேட்டேன்."

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப. அன்னிக்கே. வீட்டுக்கு வந்தேன்ல, அப்ப."

"எனக்குத் துணி எடுக்க வந்தீங்களே, அப்பவா?"

"ம்."

"துணிய எடுத்து வெச்சிட்டு மாட்டினீங்களா, மாட்டிட்டுத் துணி எடுத்தீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் நேராகப் பின்கட்டுக்குத்தான் போனான். தன்னுடைய பழைய தகர டப்பாவைக் கொட்டித் தேடினான். எந்தக் காலத்திலோ கழற்றிப் போட்ட இஸ்திரிப் பெட்டியின் வளையம் ஒன்று அடியில் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே தேடியிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். ஒயரின் நுனியைச் சீவி, வளையத்தைக் குறட்டால் நசுக்கி, ஸ்க்ரூவைத் திருகினான். மூன்று நிமிட வேலை. பிறகு எட்டு ஸ்க்ரூக்களையும் மாட்டி, விரல் தடங்களைத் துடைத்து, மெஷினைச் சுவரோடு தள்ளிவிட்டு, வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அலமாரியைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

"மாட்டிட்டுத்தான்" என்றான்.

"ரெண்டு மணி நேரம்" என்றாள். "ஈரத் துணியோட நடுங்கிட்டுக் கெடந்தேன். அண்ணன் தன் சட்டையக் கழட்டிப் போத்திவிட்டுச்சு. பாவம், வண்டி கிடைக்காம அலையறாரு போலன்னு அதுகிட்ட உங்களுக்காகப் பேசிட்டிருந்தேன் நான்."

அவன் அழ ஆரம்பித்தான். அவள் மேசையில் கிடந்ததை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். முடித்துவிட்டு எழுந்தாள்.

"எந்திரிங்க. மேல போலாம். அந்த மனுஷன்கிட்ட நீங்களே சொல்லணும்."

பெரியவர் கதவைத் திறந்து, அவளைப் பார்த்துப் பதறி, "என்னம்மா, கை ஏதாவது..." என்றார். அவன் சொன்னான். அவர் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கேட்டு முடித்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப என்னால இல்லையா?"

"இல்ல ஐயா" என்றாள் அவள்.

"என்னால இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. "தெனம் நான் எறங்கி வந்து நின்னேனே. நீ உள்ள இருந்து பாத்துட்டுத்தானப்பா இருந்த?"

பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டக் காலி பண்ணிடு. உடனே வேணாம். அந்தப் பொண்ணுக்கு வேற இடம் சௌகரியமா கெடைக்கட்டும். ஆனா பண்ணிடு."

கீழே வந்ததும் அவன், "உங்கண்ணன்கிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றான்.

"வேணாம்."

"இல்ல, சொன்னாத்தான்..."

"சொன்னா அது உங்கள அடிக்கும். நாலு அடி வாங்கிட்டா உங்களுக்கு ஆறிடும். அந்தச் சுகம் உங்களுக்கு வேணாம். பெரியவர்மேல தப்பில்லன்னு மட்டும் நான் அதுகிட்ட சொல்லிக்கறேன்."

சொன்னாள். எப்படிச் சொன்னாள், என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. அண்ணன் மாடியேறிப் போய்ப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பெரியவரும் விவரம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. வீடு மாற்றுகிற அன்று அண்ணன் சாமான் ஏற்ற வந்து, வண்டிக்காரனிடம் தன் மாப்பிள்ளை எப்படித் தொடாமல் ஓடிப்போய் மெயினை இறக்கினார் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கட்டில் காலைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வாஷிங் மெஷினை ஏற்றவில்லை. அதை யாருக்கும் கொடுக்கவும் அவள் விடவில்லை. பழைய இரும்புக்காரன் வந்து அங்கேயே பிரித்துத் தகடு தகடாகக் கொண்டுபோனான்.

புது வீட்டில் துணியெல்லாம் அவன்தான் கையால் துவைக்கிறான். சுடுதண்ணீர் தேவைப்படும் கோட்டு எதுவும் இப்போது கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் அவளை முன்வாசல் கவுண்டரில் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்களின் பெயரும் வயதும் கேட்டு இடது கையால் எழுதுகிறாள். குழாய் ஒழுகினால் அவளே போன் போட்டு பிளம்பரை வரவழைக்கிறாள். பிளம்பர் வேலை முடித்துப் போகும்வரை அவன் உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறான்.

ஒருமுறை கேட்டான், "என்னை விட்டுப் போயிடுவியா?" என்று.

"தெரியல" என்றாள். "இப்போதைக்கு இங்க இருக்கேன்."

கவுண்டர் வேலைக்கு ஒரு சீருடைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் ஏழு பொத்தான், கைக்கு ஒவ்வொன்று. உணர்ச்சியில்லாத விரல்களால் அவளால் அவற்றைப் போட முடியாது. ஆகவே தினமும் காலையில் அவள் அவன் முன்னால் வந்து நிற்கிறாள். அவன் கழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறான். முடிகிறவரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.